மச்சான் அணியும் நம்ம அணியும்

பெங்களூரு எஃப்.சி.யும் சென்னையின் எஃப்.சி.யும் மோதப் போகும் வாரம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் தொலைபேசிக்கு ஓய்வு கிடையாது. மல்லேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்த என் மகன் இந்த முனையில். பெரம்பூரில் இருக்கும் அவனுடைய தாய்மாமன், அதாவது என் மச்சான், அந்த முனையில். "உங்க டிபென்ஸ் சல்லடைடா, எங்க பசங்க உள்ளே புகுந்து கோலாட்டம் ஆடிட்டு வருவாங்க" என்பார் மாமன். "முதல்ல ஆட்டத்துக்கு ஆளைச் சேருங்க மாமா, அப்புறம் கோலாட்டம் ஆடலாம்" என்பான் மருமகன். "என் தம்பியோடு பேச எனக்கும் ரெண்டு நிமிஷம் கொடுடா" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் என் மனைவி ரசத்துக்குத் தாளிக்கப் போய்விடுவாள்.

இதைப் பற்றி ஒரு சங்க மலரில் எழுத என்ன இருக்கிறது என்று அன்பர்கள் நினைக்கலாம். இருக்கிறது. வெளிமாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் நமக்கு இதில் ஒரு பாடமே இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ள எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

எங்கள் தெருவில் ஒரு கன்னட நண்பர் இருக்கிறார். ஓய்வு பெற்றவர். காலையில் சாங்கி ஏரிக்கரையில் நடந்துவிட்டு, எட்டாவது கிராஸில் பூவும் கொத்தமல்லியும் வாங்கிக்கொண்டு, எங்கள் வாசலில் ஐந்து நிமிடம் நின்று பேசிவிட்டுத்தான் போவார். 2018 மார்ச் மாதத்தில் ஒரு நாள் அப்படி நின்றவர், "ஏன் சுவாமி, ஃபைனல்ஸ் பெங்களூர்–சென்னை அந்தெ. நிம்ம டீம் யாவ்து?" என்று கேட்டார். உங்கள் அணி எது என்ற இந்தச் சின்னக் கேள்விக்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "யார் நன்றாக ஆடுகிறார்களோ அவர்கள்தான்" என்று மழுப்பினேன். அவர் சிரித்துவிட்டு, "அது அம்பயர் ஹேளோ மாது" என்று சொல்லிப் போய்விட்டார். நடுவர் பேசுகிற பேச்சாம் அது. ரசிகனுக்கு அழகில்லையாம்.

நான் ஏன் மழுப்பினேன்? காரணம் நம்மில் பலருக்குத் தெரியும். 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பையொட்டி இந்த ஊரில் நடந்ததை நம் தலைமுறை மறக்கவில்லை. 2016 செப்டம்பர் 12 அன்று தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டு கதவைத் தாழிட்டு உட்கார்ந்திருந்தவர்கள் நாம். 2018 இறுதி ஆட்டத்துக்குச் சரியாக ஒரு மாதம் முன்புதான், பிப்ரவரி 16 அன்று, உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைத்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தது. கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கிடைத்த 14.75 டி.எம்.சி.யில் 4.75 பெங்களூரின் குடிநீருக்காக. அங்கே தஞ்சாவூர்ப் பக்கம் என் உறவினர் வயலுக்குக் குறைந்த தண்ணீர், இங்கே என் வீட்டுக் குழாயில் வருகிறது! இப்படிப்பட்ட ஒரு மாதத்தில் "உங்கள் அணி எது" என்று ஒருவர் கேட்டால், அவர் எவ்வளவு நல்ல நண்பராயினும், நெஞ்சு ஒரு கணம் திக்கென்று நின்று போகாதா?

இறுதி ஆட்டம் மார்ச் 17, சனிக்கிழமை, கண்டீரவா மைதானத்தில். முதல் நாளே என் மச்சான் பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிவிட்டார். இரவு சாப்பாடு முடிந்ததும் மாமனும் மருமகனும் கூடத்தில் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். அப்போது என் மகன் பத்தாம் வகுப்புக்குப் போக இருந்தவன். நான் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

மகன் தன் கட்சியை அடுக்கினான். லீக் சுற்றில் பெங்களூருக்கு 40 புள்ளிகள். இரண்டாம் இடத்தில் வந்த சென்னைக்கு 32. எட்டுப் புள்ளி வித்தியாசம் என்பது சும்மாவா? பிப்ரவரி 6 அன்று சென்னைக்கே போய் 3–1 என்று ஜெயித்து வந்தார்களே! சுனில் சேத்ரியும் வெனிசுவேலாவின் மிக்குவும் சேர்ந்தால் தடுக்க யார் இருக்கிறார்கள்?

மாமன் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "டிசம்பர் 17 நினைவிருக்கா?" என்றார். 2017 டிசம்பரில் இதே கண்டீரவாவில் சென்னை 2–1 என்று வென்ற ஆட்டம். 85ஆவது நிமிடத்தில் சேத்ரி சமன் செய்ய, ஊரே எழுந்து ஆட, அடுத்த சில நிமிடங்களிலேயே தனபால் கணேஷ் வெற்றி கோலைப் போட்டார். கணேஷ் எங்கள் பெரம்பூருக்கு அடுத்த வியாசர்பாடிப் பையன். அதைச் சொல்லும்போது மாமனின் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம்: "உன் ஆளுங்க பந்தைக் கையாள்றதுல எங்களைவிடக் கெட்டி, ஒத்துக்கறேன். ஆனா கார்னர் கிக் வந்தா மைல்சன் ஆல்வஸ் தலைக்கு எட்டற ஆள் உங்ககிட்டே இல்லை. நாளைக்கு அதுதான் நடக்கும் பாரு."

என் மகன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அது வாஸ்தவம்தான் மாமா. எனக்கும் அதுதான் பயம்" என்றான்.

அந்த ஒப்புதலை நான் அன்று கவனிக்கவில்லை. என் கவலை வேறு. குறுக்கே புகுந்து, "நாளைக்கு இரண்டு பேரும் பனியனை மாற்றிக்கொண்டு சாதாரணச் சட்டையில் போங்கள். மெட்ரோவில் தமிழில் சத்தம் போடாதீர்கள். கோல் விழுந்தால் எழுந்து குதிக்க வேண்டாம்" என்று ஒரு பட்டியல் போட்டேன். கூடத்தில் பேச்சு நின்றது. மச்சான் பெரிய மனிதர், ஒன்றும் சொல்லவில்லை. மகன்தான் மெதுவாக, "அப்பா, ரெண்டு டீமுக்கும் நீலம்தான். யாருக்கும் வித்தியாசம் தெரியாது" என்றான். வேடிக்கையாகச் சொன்னானா, வருத்தத்தில் சொன்னானா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை.

மறுநாள் துணைக்கு நானும் போனேன். சம்பிகே ரோடு நிலையத்தில் ஏறி, மெஜஸ்டிக்கில் வண்டி மாறி, கப்பன் பார்க்கில் இறங்கி நடந்தோம். உள்ளே சுமார் 25,000 பேர். 9ஆவது நிமிடத்தில் சேத்ரி பாய்ந்து தலையால் முட்டி முதல் கோலைப் போட்டார். என் மகன் மாமனின் தோளைப் பிடித்து உலுக்கினான். 17ஆவது நிமிடத்தில் கார்னர் கிக், மைல்சன் தலை, கோல். முதல் பாதி முடியும் தறுவாயில் மறுபடி கார்னர் கிக், மறுபடி மைல்சன் தலை, மறுபடி கோல். முதல் நாள் இரவு எங்கள் கூடத்தில் எழுதப்பட்ட ஜாதகம் அப்படியே பலித்தது! 67ஆவது நிமிடத்தில் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதைப் போட்டார். கடைசி நேரத்தில் மிக்கு ஒன்றைத் திருப்பினார். 3–2. பெங்களூரில், பெங்களூரை வென்று, சென்னை கோப்பையைத் தூக்கியது. 2015க்குப் பிறகு அவர்களுக்கு அது இரண்டாவது ஐ.எஸ்.எல். பட்டம்.

நான் அஞ்சிய எதுவும் எங்கள் கண்ணெதிரே நடக்கவில்லை. எங்களுக்கு முன் வரிசையில் தொண்டை கட்டும்வரை "பெங்களூரு, பெங்களூரு" என்று கத்திக்கொண்டிருந்த ஓர் இளைஞர், எழுந்து போகும்போது என் மச்சானைத் திரும்பிப் பார்த்தார். சட்டை சாதாரணச் சட்டைதான். ஆனால் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் வழிந்தால் சட்டை எதை மறைக்கும்? கையை நீட்டி, கன்னடத்தில், "சென்னாகி ஆடிதிரி" என்றார். நன்றாக ஆடினீர்கள் என்று அர்த்தம். இவர் என்னமோ மைதானத்துக்குள் இறங்கி ஆடியதைப் போல! என் மச்சானும் அதை மறுக்காமல் பெற்றுக்கொண்டார். வீடு திரும்பும்போது பேச்சில்லாமல் வந்தது நான் மட்டுந்தான்.

இந்தக் கதைக்கு ஒரு பின்கதையும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த ஆட்டம் நடந்து ஒரு மாதம் ஆகவில்லை. 2018 ஏப்ரல் 10 அன்று சென்னை சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். கிரிக்கெட் ஆட்டம் நடந்தபோது காவிரிப் போராட்டத்தின் பெயரால் மைதானத்துக்குள் செருப்பு வீசப்பட்டது. சென்னை சூப்பர் கிங்ஸின் மிச்சமிருந்த ஆறு உள்ளூர் ஆட்டங்களும் புணேவுக்கு மாற்றப்பட்டன. காவிரி மேலாண்மை வாரியம் கேட்டுப் போராடியது நியாயம். ஆனால் ஆட்டக்காரன் மேல் எறியும் செருப்பு மேட்டூர் அணைக்கு ஒரு குடம் தண்ணீரும் கொண்டு வராது. இதில் இன்னொரு விநோதம். 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் மூழ்கடித்தபோது சென்னையின் எஃப்.சி. தன் அரையிறுதியின் உள்ளூர் ஆட்டத்தை ஆடப் போனதும் அதே புணேவுக்குத்தான். தண்ணீர் மிகுந்ததால் ஒரு தடவை, தண்ணீர் குறைந்ததால் ஒரு தடவை, சென்னை அணிகள் ஊரைவிட்டுப் போக வேண்டி வந்தது. முதலாவது இயற்கையின் வேலை. இரண்டாவது நம்முடைய வேலை.

இனி என் கருத்துக்கு வருகிறேன்.

எதிரி என்பது ஒன்று. எதிரணி என்பது வேறொன்று. எதிரியைப் பற்றி நாம் எதுவும் தெரிந்துகொள்ள விரும்புவதில்லை, வெறுத்தால் போதும். எதிரணியை அப்படி விட முடியாது. அதன் கார்னர் கிக் எப்படி, அதன் வலப்பக்க ஆட்டக்காரனுக்குக் கால்வலி சரியாகிவிட்டதா, போன முறை எந்த நிமிடத்தில் நம்மைக் கவிழ்த்தார்கள் என்று நுணுக்கமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படித் தெரிந்துகொண்டவன், என் மகனைப் போல, "அது வாஸ்தவம்தான்" என்று ஓர் இடத்திலாவது சொல்லியே தீர வேண்டியிருக்கும். ஆட்டத்துக்கு முந்தைய நாள் ரசிகர்கள் பேசும் பேச்சின் உயர்ந்த பயன் இதுவே என்று நான் நினைக்கிறேன். அதை நான் என் வீட்டுக் கூடத்தில் வாயடைத்தேன். அது தவறு.

சென்னையின் அணிக்கு ஒரு ரசிகர் குழாம் 'சூப்பர் மச்சான்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறது. பெயர் வைத்தவர்கள் என்ன நினைத்து வைத்தார்களோ, அறியேன். எனக்கு அது மிகப் பொருத்தமாகப் படுகிறது. நம் குடும்பங்களில் யாரைக் கேலி செய்யலாம், யாரைச் செய்யக்கூடாது என்று எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அண்ணன் தம்பியைச் சொன்னால் மனஸ்தாபம் வரும். சம்பந்தியைச் சொன்னால் ஊர்வம்பு வரும். மச்சானை மட்டும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அவனும் திருப்பிச் சொல்லலாம். பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு என்பதால் அந்தக் கேலிக்கு ஓர் உரிமையும் உண்டு, ஓர் எல்லையும் உண்டு. பெங்களூரும் சென்னையும் அப்படித்தான். இந்த இரண்டு ஊருக்கும் இடையே எத்தனை சம்பந்தங்கள், எத்தனை ரயில்கள்! எதிரணி என்பது மச்சான் வீடு. வம்பிழுக்கலாம், வாசலில் கல்லெறியக் கூடாது.

"அதெல்லாம் சரி, இங்கே வளரும் நம் பிள்ளைகள் பெங்களூர் அணிக்குக் கொடி பிடிப்பது தமிழுணர்வு குறைவதற்கு அடையாளம் அல்லவா?" என்று பெரியவர்கள் சிலர் வருத்தப்பட்டு நான் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு மரியாதையோடு இரண்டு விஷயங்கள் சொல்வேன்.

முதலாவது, இந்த அணிகளை இரத்தத்தைப் பார்த்துப் பிரிக்க முடியாது. 2013இல் பெங்களூரு எஃப்.சி.யைத் தொடங்கியது மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் எஃகுத் தொழில் குழுமம். அதன் முகமாக விளங்கிய சேத்ரி சிகந்தராபாத்தில் பிறந்தவர். சென்னைக்காக இரண்டு கோல் முட்டிய மைல்சன் பிரேசில்காரர். பயிற்சியாளர் ஜான் கிரிகரி ஆங்கிலேயர். மைதானத்தில் ஆடும் இருபத்திரண்டு பேரில் கன்னடமோ தமிழோ பேசுகிறவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். கன்னடமும் தமிழும் ஒலிப்பது மேலே, படிக்கட்டுகளில். அணியை ஊருக்குச் சொந்தமாக்குவது அங்கே உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துகிறவர்கள்தாம். அப்படிக் கத்துகிறவர்களில் நம் பிள்ளையும் ஒருவன் என்றால் இந்த ஊர் அவனுக்குச் சொந்தம் என்றுதான் பொருள். வாடகைக்கு வந்தவன் கொடி பிடிக்க மாட்டான். வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடுவான்.

இது இன்று நேற்று வந்ததும் அல்ல. சுதந்திர இந்தியா ஆடிய முதல் ஒலிம்பிக் கால்பந்து ஆட்டம் 1948 ஜூலை 31 அன்று லண்டனில் பிரான்ஸுடன் நடந்தது. பலர் வெறுங்காலோடு ஆடிய அந்த ஆட்டத்தில் 2–1 என்று தோற்றோம். நம் ஒரே கோலைப் போட்டவர் பெங்களூரிலிருந்து போன சாரங்கபாணி ராமன். அந்தக் குழுவில் பெங்களூர் வழியாக வந்த பெயர்களைப் பாருங்கள்: ராமன், தன்ராஜ், வஜ்ரவேலு, அகமது கான், பஷீர். இவர்களில் தன்ராஜும் அகமது கானும் கல்கத்தா போய் ஈஸ்ட் பெங்கால் அணியின் புகழ்பெற்ற ஐந்து முன்னணி ஆட்டக்காரர்களில் இருவராக விளங்கினார்கள். அந்த ஐவரை வங்காளிகள் பஞ்ச பாண்டவர் என்று கொண்டாடினார்கள். ஐவரில் ஒருவர்கூட வங்காளி இல்லை! அல்சூர் பக்கம் போனால் கௌதமபுரத்தில் பீலேவுக்குச் சிலை இருப்பதைப் பார்க்கலாம். தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைந்த அந்தச் சந்துகளிலிருந்து எத்தனையோ ஆட்டக்காரர்கள் இந்த ஊருக்காகவும் மாநிலத்துக்காகவும் ஆடியிருக்கிறார்கள். பெங்களூர்க் கால்பந்தில் தமிழனுக்கும் பங்கு உண்டு. நாம் விருந்தாளிகள் அல்லர்.

இரண்டாவது விஷயம் எனக்கு இன்னும் முக்கியமானது. என் மகன் பள்ளியில் கற்றது ஆங்கிலமும் கன்னடமும். வீட்டில் தமிழ் என்றால், "சாப்பிட்டியா, படிச்சியா, சீக்கிரம் தூங்கு" என்பதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். நம்மில் பலர் வீட்டிலும் இதே நிலைதான். அதட்டுவதற்கு மட்டும் பயன்படும் மொழியைப் பிள்ளைகள் எப்படி விரும்புவார்கள்? ஆனால் மாமனோடு வாதாடும்போது அவன் தமிழைக் கேட்க வேண்டுமே! எடுத்துக்காட்டு, எதிர்வாதம், கிண்டல், பழமொழி, எல்லாம் வருகிறது. சொல் கிடைக்காத இடத்தில் மாமனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு அதை வைத்தே மாமனைத் தாக்குகிறான். ஆத்திசூடி மனப்பாடம் செய்வித்து நான் சாதிக்காததை ஒரு கால்பந்து அணி சாதித்துவிட்டது. அவன் சென்னைக் கட்சியிலேயே இருந்திருந்தால் இந்த வாதம் ஏது? எதிர்க்கட்சியில் இருப்பதால்தான் தமிழ் வளர்கிறது!

ஆனால் எல்லை வேண்டும் என்றேன் அல்லவா? அது தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் கல்கத்தாவே சாட்சி. 1920இல் தொடங்கிய ஈஸ்ட் பெங்கால், கிழக்கு வங்கத்திலிருந்து பிழைக்கவும் பிறகு பிரிவினையில் உயிர் தப்பியும் வந்த மக்களின் அணியாயிற்று. மோகன் பகான் அங்கேயே இருந்தவர்களின் அணி. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலீஷ் மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால் என்று சாப்பாட்டிலும் போட்டி உண்டு. பிழைக்க வந்த ஜனங்களுக்கு அந்த அணி தலை நிமிர ஓர் இடம் கொடுத்தது என்பது உண்மை. ஆயினும் 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் இந்த இரண்டு அணிகளும் ஆடியபோது படிக்கட்டுகளில் மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் மாண்டார்கள். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. இலீஷுக்கும் இறாலுக்கும் இடையே இருந்த கேலி எந்தக் கணத்தில் கைகலப்பாக மாறியது என்று யார் சொல்ல முடியும்?

வாயால் தீர்த்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் கைக்கு வேலை இல்லை. ஆனால் வாயால் தீர்க்க விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 2023 மார்ச் 3 அன்று இதே கண்டீரவாவில் பெங்களூரும் கேரளா பிளாஸ்டர்ஸும் மோதிய நாக்அவுட் ஆட்டம் நினைவிருக்கும். கூடுதல் நேரத்தில் கிடைத்த ஃப்ரீ கிக்கை, கேரள அணி அரண் அமைத்துக்கொண்டிருக்கும்போதே சேத்ரி உதைத்துக் கோலாக்கினார். இது முறையா என்று கேட்டுக் கேரள அணி மைதானத்தை விட்டே வெளியேறியது. பிறகு கேரள அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம். பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டங்கள் தடை. எங்கள் குடியிருப்பில் ஒரு மலையாளக் குடும்பம் இருக்கிறது. அந்த வீட்டுப் பையனும் என் மகனும் ஒரு வாரம் வாதாடினார்கள். விரைந்து உதைக்க விதி இடம் கொடுக்கிறது என்பான் இவன். அரணைத் தள்ளி நிற்கச் சொல்லி நடுவர் வேலையைத் தொடங்கிவிட்டால் விசிலுக்குக் காத்திருக்க வேண்டுமே என்பான் அவன். இருவரும் விதிப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பேசினார்கள். யார் சரி என்பது இன்றைக்கும் அவர்களுக்குள் முடியவில்லை. ஆனால் அந்த வாரம் முழுதும் ஒருவர் வீட்டில் மற்றவர் சாப்பிட்டார். மாநிலத்தைப் பற்றியோ மொழியைப் பற்றியோ ஒரு சொல் எழவில்லை. இதைவிட நல்ல முன்மாதிரி நமக்கு எங்கே கிடைக்கும்?

ஆகவே சங்க அன்பர்களுக்கு என் தாழ்மையான வேண்டுகோள்கள் மூன்று.

ஒன்று, பிள்ளைகள் எந்த அணிக்குக் கொடி பிடித்தாலும் தடுக்காதீர்கள். பயந்து சட்டையை மாற்றச் சொல்லாதீர்கள். நம் பயத்துக்குக் காரணம் உண்டு என்பதை அவர்களிடம் மறைக்கவும் வேண்டாம். 1991ஐயும் 2016ஐயும் உட்காரவைத்துச் சொல்லுங்கள். ஆனால் அந்தப் பயத்தையே சீதனமாகக் கொடுத்து அனுப்பாதீர்கள்.

இரண்டு, வம்பிழுக்கும்போது மைதானத்துக்குள்ளேயே நில்லுங்கள். ஆட்டம், அணி, பயிற்சியாளர், போன வருஷத்துத் தோல்வி ஆகியவை எல்லாருக்கும் பொது. தண்ணீர், தாய்மொழி, நிறம், பிறந்த ஊர் ஆகியவை ஆட்டத்தில் சேராதவை. எதிர்ப்பக்கத்தான் அவற்றைத் தொட்டாலும் நாம் தொட வேண்டாம். தொடுகிறவன் நம் பக்கத்தானாகவே இருந்தால் முதலில் கண்டிக்க வேண்டியவர்கள் நாமே.

மூன்று, அடுத்த பெங்களூர்–சென்னை ஆட்டத்துக்குச் சங்கக் குடும்பங்கள் சேர்ந்து டிக்கெட் எடுப்போம். அவரவர் அணியின் சட்டையோடு, பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு போவோம். அதற்கு முந்தைய வாரம் நம் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு பக்கக் கட்டுரைப் போட்டி வைக்கலாம். தலைப்பு, 'எதிரணியிடம் நான் மெச்சுவது'. சொந்த அணியைப் புகழ யாருக்கும் பயிற்சி வேண்டியதில்லை. எதிரணியைப் புகழ்ந்து ஒரு பக்கம் எழுதுவதற்குத்தான் மொழியும் வேண்டும், மனமும் வேண்டும்.

2018க்குப் பிறகு காலம் மாறி மாறித்தான் போயிற்று. சரியாக ஓர் ஆண்டு கழித்து, 2019 மார்ச் 17 அன்று, மும்பையில் கோவாவை 1–0 என்று வென்று பெங்களூரும் ஐ.எஸ்.எல். கோப்பையை எடுத்தது. அன்று இரவு முதலில் தொலைபேசியில் அழைத்து வாழ்த்தியவர் பெரம்பூர் மாமன்தான். "எங்ககிட்டே தோத்துக் கத்துக்கிட்டீங்க" என்று ஒரு குத்தலும் கூடவே வந்தது.

எங்கள் தெரு நண்பர் இன்னும் காலையில் வாசலில் நிற்கிறார். சென்ற வாரம் நானே அவரைக் கூப்பிட்டு, "நீங்கள் அன்று கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். என் மகனுக்குப் பெங்களூர். என் மச்சானுக்குச் சென்னை. எனக்குச் சென்னைதான், ஆனால் பெங்களூர் தோற்றால் இராத்திரி சாப்பாடு இறங்குவதில்லை" என்றேன். அவர் கொத்தமல்லிக் கட்டைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு, "ஈக சரியாய்த்து" என்றார். பிறகு, அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் எடுக்கும்போது தனக்கும் ஒன்று சேர்த்து எடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.